ஐந்தாவது வரி

எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் அக்கா. முதலாளிக்கும் அக்கா, அவளைவிடப் பத்து வயது மூத்த வாட்ச்மேனுக்கும் அக்கா. நேரில் நான் 'நீங்க, வாங்க' என்றுதான் பேசுவேன். எழுதும்போது மட்டும் 'அவள்' என்று வருகிறது. இருபது வருஷம் ஒரே கூரையின் கீழ் சண்டை போட்டவனுக்கு இந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

என் வேலை சோதனை. மற்றவர்கள் மாங்கு மாங்கென்று செய்ததில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருமுன் நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பேன். அப்படிப்பட்ட நான் பதினேழு வருஷம் ஒரு தப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி இருந்திருக்கிறேன். இது அக்காவின் கதைதான். நடுநடுவே நான் மூக்கை நுழைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்வது மருத்துவமனைகளுக்கான சிரிஞ்ச் பம்ப். நோயாளியின் படுக்கை ஓரம் ஒரு கம்பத்தில் மாட்டியிருக்கும். மருந்து நிரப்பிய சிரிஞ்சை அதில் பொருத்தினால், உள்ளே இருக்கும் குட்டி மோட்டார் கண்ணுக்குத் தெரியாமல் நகர்ந்து நகர்ந்து, மணிக்கு இத்தனை மில்லி என்று மருந்தைத் தள்ளும். எப்போது நகர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்வது நகத்தளவு ஒரு சிப். அந்தச் சிப்புக்குள் போகும் புரோகிராமை எழுதுவது அக்கா. எழுதும் மொழி சி.

கம்பெனி இருப்பது ஒரு பழைய மாடி வீட்டில். மேலே படுக்கையறையாக இருந்த இடத்தில் அக்காவின் மேசை. சுவரில் பதித்த அலமாரியில் துணிக்குப் பதில் சர்க்யூட் போர்டுகள். கீழே சமையலறையாக இருந்த இடத்தில், கல் மேடைமேல் மின்துடிப்பைக் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பும் சால்டரிங் கருவியும். பாத்திரம் தேய்க்கும் தொட்டியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அந்த அறையில் அப்போது ஒருவர் உட்கார்ந்திருந்தார், அசெம்ப்ளி எழுதுகிறவர். சியை மேல்மட்ட மொழி என்பார்கள், அசெம்ப்ளியைக் கீழ்மட்ட மொழி என்பார்கள். ஆளும் கீழே இருந்ததால் 'கீழ்வீட்டுக்காரர்' என்று நான்தான் பெயர் வைத்தேன். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. பதிலுக்கு அக்காவை 'மேல்வீட்டம்மா' என்பார், அவர் மட்டும்.

ஒரே சிப்புக்கு எதற்கு இரண்டு மொழி என்று கேட்பீர்கள். சியில் 'இதையும் அதையும் பெருக்கு' என்று எழுதினால் போதும். கம்பைலர் என்று ஒரு மென்பொருள் அதைச் சிப்புக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுத்துவிடும். அசெம்ப்ளியில் அந்தச் சொகுசு கிடையாது. சிப்புக்குள் பூஜ்யத்திலிருந்து எண்ணிட்ட முப்பத்திரண்டு சின்னப் பெட்டிகள் உண்டு, ரெஜிஸ்டர் என்று பெயர். எந்த எண்ணை எந்தப் பெட்டியில் வைப்பது, எதை எதனோடு கூட்டுவது என்று ஒவ்வொன்றாக நாமே சொல்ல வேண்டும். உயிர் போகிற வேலைதான், ஆனால் நேரம் நம் பிடிக்குள் இருக்கும். மோட்டாருக்குத் துடிப்பு அனுப்புவதில் இம்மி பிசகினாலும் மருந்து விட்டு விட்டு இறங்கும். அந்தக் காலத்துச் சிப்பும் கம்பைலரும் அவ்வளவு சமர்த்தில்லை. அதனால் திரை, பொத்தான், கணக்கு எல்லாம் அக்காவின் சியில். மோட்டார் துடிப்பு மட்டும் அவருடைய அசெம்ப்ளியில்.

மொழி இரண்டானாலும் பெட்டிகள் பொது. ஒரே சமையலறையில் இரண்டு பேர் சமைப்பது போலத்தான். எடுத்த பாத்திரத்தைக் கழுவி, எடுத்த இடத்திலேயே வைக்காவிட்டால் அடுத்தவர் பாடு திண்டாட்டம். அதனால் அவர்கள் இருவரும் ஒரு தாளில் விதிமுறை எழுதி, மாடிப்படி திரும்புகிற இடத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எந்தெந்தப் பெட்டிகளைக் கீழ்வீடு இஷ்டப்படி எடுத்தாளலாம், எவற்றை இருந்தபடியே திருப்ப வேண்டும் என்று வரிசையாக. இரண்டு விதிகள் மட்டும் சிவப்பு மையில். முதலாவது: 'ஒன்றாம் பெட்டி எப்போதும் காலி.' சி கம்பைலர் தனக்குப் பூஜ்யம் வேண்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளும். உள்ளே பூஜ்யம்தான் இருக்கும் என்று அத்தனை நம்பிக்கை. யாராவது அதில் எதையாவது போட்டால், உடனே காலி செய்துவிட வேண்டும். இரண்டாவது சிவப்பு விதி: 'மேல்வீட்டுக் கோப்பைக் கீழ்வீடு தொடாது. கீழ்வீட்டுக் கோப்பை மேல்வீடு தொடாது.' ஒருவர் எழுதியதில் இன்னொருவர் கைவைத்தால் யார் எதை மாற்றினார் என்று தெரியாமல் போகும் என்பதால்.

அந்தத் தாளின் ஓரங்களில் பென்சில் எழுத்துகளும் இருந்தன. 'மேல்வீட்டில் இன்று என்ன, நாற்காலி இழுக்கும் சத்தம் அதிகம்?' என்று அவர் எழுதுவார். 'கம்பைலரோடு சண்டை' என்று இவள் கீழே எழுதுவாள். நான் தட்டு நிறைய போர்டுகளோடு ஏறி இறங்கும்போதெல்லாம் அதைப் படிப்பேன். படிக்கக் கூடாதுதான், ஆனால் படியிலே ஒட்டிவிட்டுப் படிக்காதே என்றால் முடியுமா? அவர்களுக்கு ஒருவரையொருவர் பிடித்திருந்தது என்பது வாட்ச்மேன் உட்பட எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவர்கள் இரண்டு பேரைத் தவிர.

அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து. அப்பா தவறிய பிறகு தம்பியைப் படிக்க வைத்து, கல்யாணம் பண்ணி வைத்து, தனிக்குடித்தனம் அனுப்பியதுவரை எல்லாம் அவள். மிஞ்சியது இரண்டு அறை வீடும் அம்மாவும். அம்மாவுக்கு வலது காது கேட்காது. சாப்பிடும்போது அக்கா எப்போதும் இடது பக்கமாகத்தான் உட்காருவாள். எதையாவது சொல்லாமல் மழுப்ப வேண்டுமென்றால் வலது பக்கம் போய்விடுவாள். நான் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போனபோது அந்த அம்மா என்னிடம், "உங்க ஆபீஸ்ல எல்லாம் மெஷினுங்கதானா, மனுஷங்க யாரும் வேலைக்கு வர்றதில்லையா?" என்று கேட்டார். அக்கா எழுந்து வலது பக்கம் போய் நின்றுகொண்டாள்.

பம்ப் தயாரானது. ஒரு பெரிய மருத்துவமனையில் டாக்டர்கள் முன்னால் ஓட்டிக் காட்ட எடுத்துப் போனோம். சிரிஞ்சில் வெறும் தண்ணீர்தான். முதல் மூன்று முறை அழகாக ஓடியது. நான்காம் முறை ஒரு டாக்டர் இருப்பதிலேயே பெரிய சிரிஞ்சைப் பொருத்தச் சொல்லி, வேகத்தையும் உச்சத்தில் வைக்கச் சொன்னார். பொத்தானை அழுத்தினோம். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை, அதற்குள் மூன்று மில்லி இறங்கிவிட்டதாகத் திரை சொன்னது. பூஜ்யத்தில் தொடங்க வேண்டியது மூன்றில் தொடங்கியிருந்தது. பம்ப் தானே பயந்து நின்று, மணியடித்தது. டாக்டர்கள் நாகரிகமானவர்கள், கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தார்கள். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். பெரிய சிரிஞ்சைக் குறைந்த வேகத்தில் சோதித்திருந்தேன். சின்ன சிரிஞ்சை உச்ச வேகத்தில் சோதித்திருந்தேன். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. இன்றுவரை என் சோதனைப் பட்டியலில் முதல் வரி அதுதான்.

திரும்பி வந்ததும் முதலாளி எங்கள் எல்லோரையும் கூடத்தில் நிற்கவைத்து, யார் பக்கம் கோளாறு என்று கேட்டார். அக்கா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"என் பக்கம் எல்லாம் கம்பைலர் போட்டது சார். கையால எழுதினது எதுவும் இல்ல. கீழே பாருங்க."

கீழ்வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்றார். மூன்று நாள் சமையலறைக் கதவு சாத்தியே இருந்தது. நாலாம் நாள் தன் கோப்பின் புதுப் பிரதியைக் கொடுத்தார். பெரிய சிரிஞ்ச், உச்ச வேகம் என்று நானூறு முறை ஓட்டினேன். மணி அடிக்கவே இல்லை. கீழ்வீட்டுக் கோப்பு மாறியது, கோளாறு போயிற்று. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? 'காரணம்: அசெம்ப்ளி கோப்பு. சரி செய்யப்பட்டது' என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்ன மாற்றினீர்கள் என்று அவரிடம் நான் கேட்கவில்லை, முதலாளி கேட்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் அவர் வேலையை விட்டார். கடல் தாண்டி ஒரு வேலை முன்பே வந்திருந்ததாம், தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தாராம். கடைசி நாள் சாயங்காலம், அதுவரை ஒருநாளும் மேலே வராத மனிதர் மாடிப்படி ஏறினார். நான் படியில் பின்னாலேயே வந்துகொண்டிருந்தேன், போர்டுத் தட்டோடு. அக்காவின் அறை வாசலில் நின்று, "மேல எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் பாத்துக்கறேன்" என்றாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்றைக்கு அவளுக்குக் கோபம். சபையில் தலைகுனியும்படி ஒரு தப்பைச் செய்துவிட்டு, அதைப் பற்றித் தன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், வேறு வேலையும் பார்த்துக்கொண்டு போகிறாரே என்று. கோபம் ஒரு மாதம் இருந்தது. அதற்குப் பிறகு மிச்சமிருந்தது ஏக்கம்தான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் குற்றம் கண்டுபிடிப்பது என் தொழில் இல்லையா. கீழே சமையலறையில் யாராவது தொட்டிக் குழாயைத் திறந்தால் மேலே அவள் தட்டச்சு ஒரு கணம் நிற்கும். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மாடிப்படித் தாளைக் கிழிக்க விடவில்லை. பெயின்டர் அலுத்துக்கொண்டே அதைச் சுற்றி அடித்துவிட்டுப் போனார். அவருடைய கோப்பை மட்டும் அவள் ஒருமுறைகூடத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சிவப்பு விதியைக் காட்டுவாள்.

ஒருமுறை அவள் அம்மாவை ஒரு வாரம் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போனேன். படுக்கை ஓரத்தில் எங்கள் பம்ப். அக்கா நாற்காலியை அம்மா பக்கம் போடாமல் பம்ப் பக்கம் போட்டு, அதன்மேல் காதை வைக்காத குறையாக உட்கார்ந்திருந்தாள். மோட்டாரின் துடிப்பு மெல்லிசாகக் கேட்கும். அம்மா கண்ணை மூடியபடியே, "என்னைப் பாக்க வந்தாளா, அதைப் பாக்க வந்தாளான்னு கேட்டுச் சொல்லுப்பா" என்றார். அக்கா சிரிக்கவில்லை. "இது எவ்வளவு சீரா இருக்கு பாரு" என்று என்னிடம் சொன்னாள். அந்தத் துடிப்பு யார் எழுதியது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கீழ்வீட்டுக்காரரோடு எனக்குத் தொடர்பு விட்டுப்போகவில்லை. ஒவ்வொரு ஜனவரியும் முதல் வாரத்தில் போன் பண்ணுவார். உடம்பு எப்படி, வேலை எப்படி என்று கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரே கேள்வி: "என் கோப்பு இன்னும் இருக்கா?" இருக்கிறது என்பேன். "எடுக்கறதா இருந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லு" என்பார். தான் எழுதியது இன்னும் ஓடுகிறது என்று கேட்பதில் மனிதருக்கு ஒரு சந்தோஷம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொள்வேன். முதல் வருஷம் அவர் பேசியதை அக்காவிடம் சொன்னேன். வேலை நேரத்தில் ஊர்க்கதை வேண்டாம் என்று வெட்டிவிட்டாள். அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் ஜனவரி முதல் வாரத்தில் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு என் அறைக்கு நாலு தடவை வந்துபோவாள்.

போன வருஷம் புதுச் சிப் வந்தது. பழைய குடும்பத்துச் சிப்தான், அதே பெட்டிகள், அதே விதிகள். ஆனால் மோட்டார் துடிப்பை அனுப்ப அதற்குள்ளேயே தனி ஏற்பாடு இருந்தது. இனி அசெம்ப்ளி வேண்டாம், எல்லாவற்றையும் சியிலேயே எழுதிவிடுங்கள் என்றார் முதலாளி. இரண்டு மாதம் அக்கா இழுத்தடித்தாள். அவள் இழுத்தடித்து நான் பார்த்ததே கிடையாது. கடைசியில் ஒருநாள் காலை, கீழ்வீட்டுக் கோப்பைப் புரோகிராமிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தான் சியில் எழுதியதை வைத்து, பம்ப்பை என் மேசைக்குக் கொண்டுவந்தாள். அவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

என் சோதனைப் பட்டியலின் முதல் வரி. பெரிய சிரிஞ்ச், உச்ச வேகம். பொத்தானை அழுத்தினேன்.

மணியடித்தது. திரையில் மூன்று மில்லி.

பதினேழு வருஷத்துக்கு முந்திய அதே மூன்று. அக்கா மேலே போய், பழைய கோப்பைத் திரும்பச் சேர்த்துக் கொண்டுவந்தாள். மணி அடிக்கவில்லை. எடுத்தாள், அடித்தது. சேர்த்தாள், அடிக்கவில்லை. எந்தக் கோப்பில் கோளாறு என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேனோ, அந்தக் கோப்பு இருந்தால் எல்லாம் சரியாக ஓடுகிறது. அது இல்லாவிட்டால்தான் கோளாறு வருகிறது.

"திறந்து பாத்துடலாம் அக்கா" என்றேன். இந்த முறை அவள் விதியைக் காட்டவில்லை.

அவர் கோப்பின் முதல் கட்டளையே ஒன்றாம் பெட்டியைக் காலி செய்வது. அவருக்கு அது தேவையே இல்லை. அவருடைய வேலையில் அந்தப் பெட்டியை அவர் தொடவே மாட்டார். பக்கத்தில் குறிப்பு, அவர் வழக்கப்படி பேச்சுத் தமிழில், ஆங்கில எழுத்தில். நான் வாய்விட்டுப் படித்தேன். "இந்த வரியை எடுக்க வேணாம். எடுத்தா, மேல்வீட்டுல பெருக்கற நாலு வரிக்கு அடியில இதையே போடணும். அங்க போட எனக்கு உரிமை இல்ல."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

சி கோப்புக்கு நடுவே அசெம்ப்ளி வரிகளை அப்படியே செருக முடியும். கம்பைலர் அவற்றைச் சரிபார்க்காது, கண்டுகொள்ளாமல் கடத்திவிடும். அக்கா அப்படி நாலு வரி எழுதியிருந்தாள். சிரிஞ்சின் அளவையும் வேகத்தையும் பெருக்குகிற இடம். சியிலேயே ஒரு வரியில் எழுதியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெருக்கல் கட்டளையின் விடை, பூஜ்யமாம் பெட்டி, ஒன்றாம் பெட்டி என்ற இரண்டில் வந்து விழும். விடை சின்னதாக இருந்தால் பூஜ்யமாம் பெட்டியோடு நின்றுவிடும். பெரிய சிரிஞ்சும் உச்ச வேகமும் சேர்ந்தால் ஒன்றாம் பெட்டியிலும் வழியும். விடையை எடுத்த பிறகு அதைக் காலி செய்ய ஐந்தாவதாக ஒரு வரி வேண்டும். அக்கா அதைப் போடவில்லை. அங்கே மிஞ்சிய மூன்றைத்தான் பூஜ்யம் என்று நம்பி எடுத்துத் திரை கணக்கைத் தொடங்கியிருக்கிறது. சிவப்பு மையில் விதியை எழுதியவளே அவள்தான்.

எதற்கு அக்கா அந்த நாலு வரி என்று கேட்டேன்.

"அவர் மொழியில எழுதிப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு. ஒருநாள் அவர் கண்ணுல படும், சிரிப்பார்னு நெனச்சேன்."

கூடத்தில் முதலாளி கேட்டபோது அந்த நாலு வரி நினைவுக்கு வராமல் இல்லையாம். அதை எழுதினேன் என்றால் ஏன் எழுதினாய் என்று கேட்பார்கள், பத்துப் பேர் முன்னால் என்ன சொல்வது என்று விழுங்கிவிட்டாளாம். நாலே வரி, அதில் என்ன தப்பு இருந்துவிடப் போகிறது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாளாம். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, என் மேசைமேலிருந்த சிரிஞ்சுகளை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானமே எல்லோரையும் அதே கூடத்தில் கூட்டினாள். பழைய ஆட்கள் பாதிப்பேர்கூட மிச்சமில்லை. புதியவர்களுக்கு யாரைப் பற்றிய பேச்சு என்றே தெரியவில்லை. "அன்னிக்குத் தப்பு என் பக்கம். கையால எழுதினது எதுவும் இல்லன்னு சொன்னேன். இருந்துச்சு" என்றாள். முதலாளி, அரதப் பழசானதை இப்போது எதற்குக் கிளறுகிறீர்கள் அக்கா என்றார். அவள் விடவில்லை. என் பழைய அறிக்கையை எடுக்கச் சொல்லி, 'காரணம்' என்ற இடத்தில் நான் எழுதியதை அடித்து, 'சி கோப்பு' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டாள்.

பிறகு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். ஜனவரி போன்களைப் பற்றி நான் அப்போதுதான் முழுதாகச் சொன்னேன். கோப்பு இருக்கிறதா, எடுத்தால் சொல் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்ததை, நான் அதைப் பெருமை என்று நினைத்ததை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நம்பரைக் காட்டு" என்றாள். என் போனைப் பார்த்துப் பார்த்து மேசைப் போனில் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். ரிசீவரை எடுக்காமல் ஸ்பீக்கரில் போட்டாள். நான் எழுந்திருக்கப் போனேன், உட்கார் என்று கைகாட்டினாள்.

அவர் குரல் கொஞ்சமும் மாறவில்லை. அக்கா தான் யார் என்று சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"உங்க கோப்பை இன்னிக்கு எடுத்தேன்" என்றாள்.

"மணி அடிச்சுதா?"

"அடிச்சுது. ஏன் சொல்லல?"

"எல்லார் முன்னாடியும் இல்லன்னு சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் நான் எப்படிச் சொல்றது?"

அக்கா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "கடைசி நாள் மேல வந்தீங்களே, அப்ப தனியாத்தான இருந்தேன். அப்பவாவது தப்பைச் சொல்லியிருக்கலாமே?"

"தப்பைச் சொல்ல வரல," என்றார் அவர். "அந்த நாலு வரியைப் பாத்தேன், ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்ல வந்தேன்."

அந்தப் பக்கம் ஒரு பெண் குழந்தை "அப்பா" என்று கூப்பிட்டது. என் சின்னவள் என்று சொல்லிவிட்டு, இதோ வருகிறேன் என்று அவளிடம் சொன்னார். அக்கா உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள், அவரும் அதையே சொன்னார். போனை வைத்த பிறகு அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அக்கா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பம்ப்பின் மின்சாரத்தை அணைத்தேன்.

புதுப் பதிப்பு வெளியே போனது. அந்த நாலு வரியை எடுத்துவிட்டு சியில் ஒரே வரியாக எழுதிவிடலாமே என்று முதலாளி கேட்டார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். நாலு வரியும் அப்படியே இருக்கிறது, அதற்கு அடியில் ஐந்தாவது வரியும் இருக்கிறது. கோப்பின் தலைப்பில் 'எழுதியவர்' என்ற இடத்தில் இப்போது இரண்டு பெயர். பெரிய சிரிஞ்ச், உச்ச வேகம் என்று மறுபடி நானூறு முறை ஓட்டினேன். ஒவ்வொரு முறையும் பூஜ்யத்தில் தொடங்கியது.

ஜனவரி வந்தது. முதல் வாரம் முழுக்க அக்கா எந்தச் சாக்கும் சொல்லாமல் நேரடியாகவே என் அறைக்கு வந்தாள். வெள்ளிக்கிழமை காலை இரண்டு டீ கொண்டுவந்து, போனை மேசை நடுவில் வைக்கச் சொல்லி, எதிரில் உட்கார்ந்தாள். அறிக்கைகளைப் பார்ப்பதாகப் பேர். மத்தியானம்வரை போன் அடிக்கவில்லை.

"கோப்புதான் எடுத்தாச்சே," என்றாள். "இனிமே என்ன இருக்குன்னு கேப்பார்?"

நம்பரை எழுதித் தரட்டுமா, நீங்களே பேசுங்களேன் என்று ஒரு காகிதத்தை எடுத்தேன். அவள் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வேணாம். அன்னிக்கே மனப்பாடம் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினாள். படி திரும்புகிற இடத்தில், அந்தத் தாள் ஒட்டியிருக்கும் சுவருக்குப் பக்கத்தில், காலடிச் சத்தம் நின்றது. அது மறுபடி தொடங்க வெகுநேரம் ஆயிற்று.